ஊத்துமேட்டுக் குழி

நவம்பர் 6

மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு பதினாறாம் நாள் காரியம். எல்லா இடத்திலும் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிடாவிட்டால் "அம்மா நம்ம வீட்டுல கை நனைக்கல" என்று அடுத்த தேர்தல் வரை சொல்லிக் காட்டுவார்கள். திரும்பும்போது புளித்த ஏப்பம். பின் சீட்டில் சால்வைகள் குவிந்து கிடந்தன. ஒன்றும் மனிதர் போர்த்திக்கொள்ளும் துணி இல்லை. தொட்டால் விரலில் சாயம் ஒட்டுகிறது.

செங்கணவாய்தான் மாவட்டத்திலேயே பெரிய தொகுதி. மேற்கே கணவாயைத் தாண்டினால் கேரளா. கிழக்கே பனங்காடு முடிகிற இடம் வரை எங்களுடையது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் காரில் போவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

அலுவலகத்தில் ஊத்துமேட்டுப் பெண்கள் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். என் உதவியாளர் ஞானதுரை, "நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டேம்மா, கேக்க மாட்டேங்காங்க" என்றார். முன்னால் நின்றவள் பெயர் முப்புடாதி. நாற்பது வயதிருக்கும். வலது கட்டைவிரல் அடியில் துணி சுற்றியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னேன். வீங்கிச் சிவந்திருந்தது.

"என்ன குத்துச்சு?"

"ஊசிம்மா. ஊசி போடுத ஊசி. குழியில பாட்டில் பொறக்கும்போது."

"எப்போ?"

"ரெண்டு வாரம் இருக்கும். சும்மா முள்ளு மாதிரிதானேன்னு விட்டுட்டேன்."

எம்.எல்.ஏ. ஆவதற்கு முன் நான் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். யாரோ ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தினால் மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கவேண்டும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது.

பழைய கல் குவாரிக் குழியில் ராத்திரியோடு ராத்திரியாக லாரிகள் குப்பை கொட்டுகின்றன, மாடுகள் வயிறு உப்பிச் சாகின்றன, கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 7

போய்ப் பார்த்தேன்.

எத்தனை பிரசவம், எத்தனை விபத்து பார்த்த கண் இது. அழுகின புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு நேரே போய் டிஃபன் சாப்பிட்டிருக்கிறேன். இன்று குழி விளிம்பில் நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சிவப்புப் பை, மஞ்சள் பை. கிழிந்த பைகளிலிருந்து குளுக்கோஸ் குழாய்கள், டயாலிசிஸ் குழாய்கள், கையுறைகள், உறைந்த ரத்தம் ஒட்டின பஞ்சு. யாருடைய காலிலிருந்தோ வெட்டியெடுத்த மாவுக்கட்டு, கால் வடிவத்திலேயே. நாய் ஒன்று ஒரு பையை இழுத்துக்கொண்டு ஓடியது. அதில் என்ன இருந்தது என்று எழுதமாட்டேன். மேலே ஒட்டியிருந்த சீட்டுகளில் மலையாளம்.

"அவங்க நாட்டு அழுக்கைக் கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டுதான் பாருங்கம்மா" என்று ஞானதுரை கொதித்தார்.

கம்பிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. வேலியில் பெண்கள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. "இந்தக் குவாரி யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டேன். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குத் தெரியாததாம்மா?" என்றாள் முப்புடாதி.

கிராமத்தில் எல்லாரும் அப்படித்தான் மரியாதைக்குப் பேசுவார்கள்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். என் வீட்டுக்காரர் நெய்மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஊத்துமேட்டுக்கு எதுக்குப் போன? அங்க உள்ளதே எரநூறு ஓட்டு" என்றார். சொன்னேன். "வெளி மாநிலத்துக் குப்பை. கலெக்டர் பாத்துக்கிடுவாரு. இந்த மீனு நல்லாருக்கு, நீ சாப்பிடலயா?"

நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 10

முப்புடாதியை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எய்ட்ஸ், மஞ்சள் காமாலை மாதிரி ஊசி வழியாக வரும் வியாதிகள் உடனே தலைகாட்டாது. விட்டுவிட்டு ஆறு மாதம் வரை பார்க்கவேண்டும். தாமதம்தான், இருந்தாலும் தடுப்பூசி போட்டோம். காரில் ஏறும்போது அவள் சீட் அழுக்காகிவிடும் என்று விளிம்பில் உட்கார்ந்தாள். நன்றாக உட்காரச் சொன்னேன். கணவன் திருப்பூர் போனவன் வரவில்லை, ஒரு மகள் கல்யாணமாகி பக்கத்து ஊரில் இருக்கிறாள். பாட்டில் பொறுக்குவதும் நூறு நாள் வேலையும்தான் பிழைப்பு.

"நர்ஸம்மாவா இருந்தீங்களாமே? அதை ஏன் விட்டீங்க?"

விட்டேனா? என் வீட்டுக்காரர் நிற்க வேண்டிய தேர்தல் அது. ஒரு அடிதடி வழக்கில் தண்டனை வந்து அவர் நிற்க முடியாமல் போனது. நைட் டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பி, ராஜினாமாக் கடிதத்திலும் வேட்புமனுவிலும் ஒரே பேனாவால் கையெழுத்து வாங்கினார்கள். உலகம்மாள் என்ற பெயர் போஸ்டரில் சின்னதாகவும், குத்தாலிங்கம் என்ற அவர் பெயர் பெரிதாகவும் இருந்தது. இரண்டு தேர்தல் அப்படியே ஜெயித்தேன்.

அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மக்கள் சேவைக்காக" என்றேன். அவள் தலையாட்டினாள்.

நவம்பர் 18

தாசில்தாரை வரச்சொன்னேன். குவாரி குத்தகை யார் பெயரில் என்று கேட்டதும் மனிதர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அம்மா... அது நம்ம மகராசன் தம்பி பேர்லதான்."

மகராசன் என் வீட்டுக்காரரின் தங்கை மகன். போன ஆவணியில்தான் அவன் புது வீட்டுக்குக் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். தாசில்தார் 'நம்ம' என்று சொன்ன விதம்தான் காதிலேயே நிற்கிறது.

டிசம்பர் 2

இரண்டு வாரமாக எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அவர் பேப்பர் படிக்கும்போது கேட்டுவிட்டேன்.

"ஊத்துமேட்டுக்கு லாரி விடுறது மகராசனா, நீங்களா?"

பேப்பரை மடித்து வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"உலகு, பத்து வருஷமா நீ மாலை போட்டுக்கிட்ட. நான் வண்டியை ஓட்டினேன். டீசல் எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

"அது ஆஸ்பத்திரிக் குப்பைங்க. ஒரு பொம்பளைக்கு ஊசி குத்தியிருக்கு."

"பூட்டு போட்ட இடத்துல வேலியப் பிச்சுக்கிட்டுப் போனது யாரு? அவ மேல கேஸ் போடலைன்னு சந்தோசப்படு."

"நான் சட்டசபைல பேசுவேன்."

"பேசு. நல்லாப் பேசு. வெளி மாநிலத்துக்காரனத் திட்டு, கைதட்டுவாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து பல்குச்சி தேடினார்.

மகராசன் விடுவது தேங்காய் நார் லாரி என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். மகராசன் முதல் லாரி வாங்கினபோது அதற்கு எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். நார் ஏற்றிய வண்டியை எதற்கு வாரத்துக்கு இரண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்று ஒருநாள் தோன்றியது. பிறகு வேறு வேலை வந்துவிட்டது.

டிசம்பர் 11

அந்த அடிதடி வழக்கு அப்பீலில் அவருக்கு விடுதலை. தெரு முழுக்கப் பட்டாசு. 'மாசு படியாத மாணிக்கமே' என்று பஸ் ஸ்டாண்டில் பனியன் கம்பெனி விளம்பரத்தை மறைத்து போர்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தேன். ஒருவர் கை கழுவாமல் எடுத்த கேசரியை என் வாயில் ஊட்டினார். விழுங்கினேன்.

டிசம்பர் 23

முப்புடாதிக்கு இரண்டாவது பரிசோதனை. ஒன்றும் இல்லை.

ஜனவரி 21, சென்னை

ஊத்துமேட்டைப் பற்றிச் சட்டசபையில் பேச கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுத்ததிலிருந்து போன் ஓயவில்லை. கொறடா கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஒரு மூத்த அமைச்சரும் இருந்தார். முந்திரியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே அமைச்சர்தான் பேசினார்.

"தங்கச்சி, நல்ல பிரச்சினைதான் எடுத்திருக்க. நம்ம ஆளு யாரும் இதுல மாட்டலையே?"

நான் முந்திரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லேல்ல? அப்போ எல்லைல சோதனை பத்தலைன்னு பேசு. மத்திய அரசைக் கேளு. அடுத்த தடவை நாம வந்தா பொம்பளைங்களுக்கு இன்னும் ரெண்டு மந்திரி பதவி தரணும்னு தலைமை நினைக்குது." முந்திரித் தட்டை என் பக்கம் தள்ளினார். அவர் எச்சில் விரல் பட்ட தட்டு. ஒன்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 23

பேசிவிட்டேன்.

எழுந்ததும் தலைவரை வாழ்த்தும் முகவுரை. ஞானதுரை மூன்று பக்கம் எழுதித் தந்திருந்தார், அதை விட முடியாது. பிறகு கணவாய்ச் சாவடி, லாரிகள், சாகிற மாடுகள், ஊசி குத்தின பெண். எதிர்வரிசையில் ஒருவர், "இந்தப் பக்கம் வாங்கிப் போடுறது யாருன்னு சொல்லுங்களேன்!" என்று கத்தினார். சொல்லத்தான் வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டார்கள். மைக்கும் போய்விட்டது.

வெளியே வந்ததும் எல்லாரும் கை கொடுத்தார்கள். டிவியில் 'எல்லைச் சிங்கம்' என்று போட்டார்கள். விடுதி அறையில் குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமல் பல் தேய்த்தேன்.

பிப்ரவரி 14

லாரிகள் நின்றுவிட்டன. சந்தோஷப்படலாம் என்று ஊத்துமேட்டுக்குப் போனால் அங்கே பந்தல், மைக் செட், பத்திரிகைக்காரர்கள். குழிக்குள் மூன்று ஜேசிபிகள் செம்மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தன. அவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போட்டோவுக்கு நின்றார். மகராசன் எல்லாருக்கும் மோர் கொடுத்தான்.

"இதை அள்ளி எடுத்துட்டுப் போயி முறையா எரிக்கணும். இப்படி மூடினா எல்லாம் கிணத்துக்குத்தான் இறங்கும்" என்று அவர் காதோரம் சொன்னேன்.

"கண்ணுக்குத் தெரியலேல்ல?" என்றார், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கூட்டத்தில் முப்புடாதி இல்லை. இந்த மாதம் பரிசோதனைக்கும் வரவில்லை. ஆள் அனுப்பினேன், "கை கால் அசதி, நூறு நாள் வேலையை விட்டா கூலி போயிரும், பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

மார்ச் 16

வேட்பாளர் பட்டியல் டிவியில் வந்தது. சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். செங்கணவாய், குத்தாலிங்கம்.

வெளியே வெடிச் சத்தம். மாவட்டச் செயலாளர் வீட்டுக்குள் வந்து, "அம்மா பத்து வருஷம் உழைச்சுட்டாங்க, இனி ஓய்வு எடுக்கட்டும்" என்று என் முன்னாலேயே என்னைப் பற்றி அவரிடம் சொன்னார். அவர் சொன்னார்: "அவ இல்லாம நான் ஜெயிக்க முடியுமா? தாய்க்குலத்து ஓட்டு அவகிட்டதான் இருக்கு." பிறகு என்னிடம், "ஒரு பத்துப் பேருக்கு காபி."

போட்டேன். சர்க்கரை போடாமல். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 29

பிரசாரம். வேனில் நின்று கும்பிட்டுக் கும்பிட்டுத் தோள்பட்டை கழன்றுவிட்டது. நோட்டீஸில் 'ஊத்துமேட்டு நஞ்சை அகற்றிய நாயகன்' என்று அச்சடித்திருக்கிறார்கள். படித்ததும் வாயில் எச்சில் ஊறியது, வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

ஏப்ரல் 9

இன்று ஊத்துமேடு.

வேன் கோயில் முன்னால் நின்றது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரிசைக்குப் பின்னால் முப்புடாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துப்போய், கண்ணைச் சுற்றிக் கறுத்து. அவர் குழி மூடின கதையைச் சொல்லிவிட்டு, "இதுக்காக சட்டசபையையே அதிர வச்ச என் வீட்டம்மா இப்போ பேசுவாங்க" என்று மைக்கை என் கையில் திணித்தார்.

என்ன பேசவேண்டும் என்று முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை. வந்தது இதுதான்:

"அந்தக் குழி மகராசன் பேர்ல இருக்கு. லாரி விட்டது இவரு. இப்போ மூடினதும் இவரு. உள்ள இருக்கது அப்படியேதான் இருக்கு. அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்காதீங்க. இவருக்கு ஓட்டுப் போடாதீங்க."

ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர் முகம் ஒரு கணம்தான் மாறியது. மைக்கை மெதுவாக வாங்கினார், குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல.

"என் வீட்டம்மாவுக்கு சீட்டு கெடைக்கலைன்னு கோவம். பொம்பளைங்க கோவம் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

முதலில் யாரோ ஒரு ஆள் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும். பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

நான் இறங்கினேன். வேன் போய்விட்டது. மெயின் ரோடு வரை நடந்து டவுன் பஸ் பிடித்தேன். என்னை அடையாளம் கண்டு கண்டக்டர் டிக்கெட் காசு வாங்க மாட்டேன் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

ஏப்ரல் 10

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம். கூட வேலை பார்த்த சிஸ்டர் எஸ்தர் பிடித்துக் கொடுத்தாள். குழாயில் தண்ணீர் காலையில் மட்டும். அவர் போன் செய்யவில்லை. கட்சியிலிருந்து நீக்கம் என்று பேப்பரில் ஆறாம் பக்கத்தில் வந்திருக்கிறது. எந்தச் சால்வையும் எடுத்து வரவில்லை.

ஏப்ரல் 23

ஓட்டுப் போட்டேன்.

மே 4

ஜெயித்துவிட்டார். நான் ஜெயித்ததைவிட அதிக வித்தியாசம். ஊத்துமேட்டிலும் அவருக்குத்தான் கூடுதல். டிவியில் மாலைகளுக்கு நடுவே அவர் மூக்கும் மூக்குக் கண்ணாடியும் மட்டும் தெரிந்தது. இந்த ஜனங்கள் மேல் வந்த வெறுப்பில் ரூமுக்குள்ளேயே கிடந்தேன். எந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்றேனோ அதை நாசமாக்கினவனுக்கே போட்டிருக்கிறார்கள்.

மே 9

நானே ஊத்துமேட்டுக்குப் போய் முப்புடாதியைக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் வேகிற வெயில். அவள் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"நீயும் அவருக்குத்தான் போட்டியா?"

"ஆமாம்மா." கூச்சமில்லாமல் சொன்னாள்.

"நான் அவ்வளவு சொன்னேனே?"

"சொன்னீங்க. உங்களுக்கு ரெண்டு தடவை போட்டோம். அப்பயும் லாரி வந்துச்சு. அவுகளுக்குப் போட்டா குழாய்த் தண்ணியாவது வரும்னு சொன்னாவ." ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "நீங்க அன்னைக்கு பேசினப்போ நான் சிரிக்கலம்மா" என்றாள்.

மே 12

ரிசல்ட் வந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி, ஈரலைத் தின்கிற வகை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அவளிடம் நேராகவே சொன்னேன். வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்து உண்டு, ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடணும், மகளுக்கும் ஊசி போடணும் என்றேன்.

"அந்த ஊசியாலதானே?"

"ஆமா. முதல்ல பார்த்தப்போ உன் ரத்தத்துல இல்ல. பொறவுதான் வந்திருக்கு."

"இதுக்கு யாருகிட்டம்மா மனு குடுக்கணும்? எம்.எல்.ஏ.கிட்டயா?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

"மனு வேண்டாம். கேஸ் போடுவோம். நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

மே 20

மாவட்டக் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் பார்வதிநாதன் அலுவலகம். எந்தக் கட்சியிலும் இல்லாதவர் என்று விசாரித்துவிட்டுத்தான் போனோம். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு எதற்காக எழுந்தோம் என்று யோசித்தவர்போல் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் முப்புடாதியே சொன்னாள். நடுவில் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"எதிர்தரப்புல யார் யாரை சேர்க்கணும்?" என்று வக்கீல் பேனாவை எடுத்தார்.

"குத்தாலிங்கம்" என்றேன். "மகராசன்." சாவடியில் லாரிகளை விட்ட அதிகாரிகள், தாசில்தார். எல்லாம் சரளமாக வந்தது. பத்து வருஷம் தொகுதி பார்த்தவள் அல்லவா. வக்கீல் எழுதிக்கொண்டே போனார்.

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன்.

முப்புடாதி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்த்தாள்.

"சார், லாரி வந்தப்போ எல்லாம் எம்.எல்.ஏ.வா இருந்தவங்க பேரைச் சேக்க வேண்டாமா?"

வக்கீல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்காக இவ்வளவு செய்தேனே, வீட்டை விட்டு வந்தேனே என்று தொண்டை வரை வந்தது. அவள் கண்ணின் மஞ்சளைப் பார்த்தேன்.

"எழுதிக்குங்க" என்றேன். "கு. உலகம்மாள்."

"கு. யாரு? அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?"

"வீட்டுக்காரர் பேரு. அதை எடுத்துருங்க. உலகம்மாள்னு மட்டும் போடுங்க."

எழுதினார்.